1998-ஆம் ஆண்டுக் கணினியில் 80 ஜிபி வன்தட்டு: பயாஸை மாற்றத்தான் வேண்டுமா?

3 ஜூன் 2022, மாலை 6.40 (கேள்வி)

எங்கள் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. மெல்லிய கம்பியால் உலோகத்தை வெட்டும் ஒயர்கட் இயந்திரத்தை இயக்கும் கணினி 1998-இல் வாங்கியது: பென்டியம் II, 440பிஎக்ஸ் சிப்செட் (மதர்போர்டின் முதன்மைச் சிப்கள்), விண்டோஸ் 98. இயந்திரத்தோடு பேசும் கார்டு ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட்டில் செருகும் வகை என்பதால் புதுக் கணினிக்கு மாற வழியில்லை. உள்ளே இருக்கும் 6.4 ஜிபி வன்தட்டு ஒரு வாரமாகக் கரகரக்கிறது. பழைய பொருள் கடையில் 80 ஜிபி ஐடிஇ (பழைய பட்டைக் கேபிள் வகை) வன்தட்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். வன்தட்டைக் கண்டறியும் வரியிலேயே திரை நின்றுவிடுகிறது. டெலீட் விசையை அழுத்தினாலும் அமைப்புகளை மாற்றும் செட்டப் பக்கம் திறப்பதில்லை. கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும், மதர்போர்டுச் சிப்பில் இருக்கும் நிரலான பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். அதைத் தொட்டால் மதர்போர்டே போய்விடும் என்கிறார் இன்னொருவர். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள் ஐயா.

3 ஜூன், இரவு 10.15

இருவர் சொல்வதும் உண்மை. 1997 முதல் 2004 வரை சென்னை ரிச்சி தெருவில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிய பயாஸ் எந்தக் குறையை நீக்கப்போகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டுமே அதில் கை வைக்க வேண்டும். புதியது வந்திருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது.

உங்களுக்கு அந்த வாக்கியம் கிடைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அக்காலத்துப் பயாஸ்கள் 8.4 ஜிபிக்கு மேற்பட்ட வன்தட்டை அறியமாட்டா. 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர் என்று வன்தட்டின் இடங்களை எண்ணிய பழைய கணக்கில் அடங்கும் பெரிய அளவு அதுதான். உங்கள் பழைய வன்தட்டு 6.4 ஜிபி என்பதால் இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்திருக்கிறது.

4 ஜூன், காலை 5.50

நேற்று இரவு எழுதியது தவறு. அதை அழிக்காமல் விட்டு இங்கே திருத்துகிறேன். 8.4 ஜிபி எல்லையில் சிக்கிய கணினி அப்படியே நின்றுபோகாது; பெரிய வன்தட்டை 8.4 ஜிபி என்று காட்டிவிட்டு மேலே போகும். மேலும் 440பிஎக்ஸ் வந்தது 1998 ஏப்ரலில். அந்த மதர்போர்டுப் பலகைகளின் பயாஸில் 8.4 ஜிபியைத் தாண்டும் வசதி ஏற்கெனவே உண்டு. நீங்கள் சொன்ன அறிகுறி, அதாவது கண்டறியும் வரியிலேயே உறைந்துபோவது, அதற்கு அடுத்த எல்லைக்கு உரியது.

1999-இன் நடுப்பகுதிக்கு முந்தைய, அவார்டு நிறுவனத்தின் 4.51பிஜி பயாஸ்களில் ஒரு பிழை இருந்தது. வன்தட்டின் மொத்த செக்டர் எண்ணிக்கையை 16 ஹெட், 63 செக்டர் என்று வகுத்து, வரும் சிலிண்டர் எண்ணிக்கையை 16 பிட் இடத்தில் வைக்க முயலும். 65,536 சிலிண்டரைத் தொட்டவுடன் அந்த எண் அங்கே அடங்காமல் நிரல் நின்றுவிடும். ஒரு செக்டருக்கு 512 பைட் என்று 65,536 × 16 × 63 × 512 பெருக்கினால் 33,82,28,67,456 பைட் வரும், ஏறத்தாழ 33.8 ஜிபி. அதனால்தான் 30 ஜிபி வன்தட்டு ஓடிய பலகையில் 40 ஜிபி மாட்டினால் செட்டப் பக்கம்கூடத் திறக்காது. 80 ஜிபியும் அப்படியே. வன்தட்டின் கேபிளைக் கழற்றியவுடன் கணினி வழக்கம்போல எழுந்தால் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இதற்கு அடுத்த எல்லை 137 ஜிபி. உங்கள் வன்தட்டு அதற்குள் இருப்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

4 ஜூன், காலை 6.20

கணினியை இயக்கியவுடன் நினைவகத்தை எண்ணும்போது பாஸ் (Pause) விசையை அழுத்தி நிறுத்துங்கள். திரையின் கீழ் ஓரத்தில் தேதியோடு தொடங்கும் நீண்ட வரி ஒன்று இருக்கும். அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

5 ஜூன், இரவு 9.30

தம்பி, படம் தெளிவாக இருக்கிறது. தேதி 1998 ஜூலை. அடுத்து ஐ440பிஎக்ஸ் என்று சிப்செட்டின் பெயர். அதற்கடுத்த டபிள்யூ977 என்பது விசைப்பலகை, ஃபிளாப்பி, பிரிண்டர் போர்ட் ஆகியவற்றைக் கவனிக்கும் வின்பாண்ட் சிப். பிறகு 2ஏ69கே என்ற ஐந்து எழுத்துகள், அவையும் சிப்செட்டையே குறிக்கும். அதை ஒட்டி வரும் இரண்டு எழுத்துகள்தான் பலகையைச் செய்த நிறுவனத்தின் அடையாளம். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட, விற்றவர் சொன்ன பெயரைவிட, இந்த வரி நம்பத்தக்கது.

ஆனால் இந்த வரியும் ஒன்றைச் சொல்லாது: பலகையின் ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) எண். அது பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு இடையிலோ பலகையின் விளிம்பிலோ வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும். 1.0, 1.02, 1.1 என்று எதுவானாலும் அதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை நாளை எழுதுகிறேன், இன்று நேரமாகிவிட்டது.

6 ஜூன், இரவு 8.45

2000-ஆம் ஆண்டு மே மாதம். திருவல்லிக்கேணியில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒருவர் தம் கணினிக்கு 40 ஜிபி வன்தட்டு வாங்கினார். உங்களுடைய அதே உறைவு. நான் பலகையின் பெயரைப் பார்த்து அதற்கான பயாஸ் கோப்பை எடுத்து, ஃபிளாப்பியில் போட்டு எழுதினேன். எழுதும் நிரல், பழைய பயாஸைக் கோப்பாகச் சேமிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். மாலை நேரம், கடை நிறைய ஆட்கள், ஃபிளாப்பியில் இடமும் குறைவு. மறுபடி இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. கோப்பு அதே பெயருள்ள பலகையின் வேறொரு ரிவிஷனுக்கு உரியது.

அப்போது கடையில் இருந்த மூத்தவர் ஒருவர் ஃபிளாப்பி விளக்கைப் பார்க்கச் சொன்னார். அது விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பயாஸ் சிப்பின் ஒரு சிறு பகுதியை எழுதும் நிரல் வழக்கமாகத் தொடுவதில்லை. அதற்கு பூட் பிளாக் என்று பெயர். மற்ற பகுதி கெட்டிருப்பதை, பைட்டுகளைக் கூட்டிச் சரிபார்க்கும் சரிகூட்டல் மூலம் அது கண்டுகொண்டால், ஃபிளாப்பியிலிருந்து தொடங்க முயலும். அவார்டின் பூட் பிளாக்குக்கு ஏஜிபி கார்டையும் பெரும்பாலான பிசிஐ கார்டுகளையும் இயக்கத் தெரியாது. ஐஎஸ்ஏ திரைக் கார்டை மட்டும் தெரியும். கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து பழைய ட்ரைடென்ட் ஐஎஸ்ஏ கார்டு ஒன்றை அவர் எடுத்துச் செருகியதும், பயாஸ் சரிகூட்டல் பிழை என்ற வரி திரையில் வந்தது. அந்த வரியைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இன்றும் மறக்கவில்லை.

சரியான கோப்பு கிடைக்க இரண்டு நாள் ஆனது. பிரவுசிங் சென்டரில் தேடி எடுத்து வந்தோம். ஆட்டோஎக்ஸெக் கோப்பில் எழுதும் கட்டளையை முன்கூட்டியே வைத்து, யாரும் விசையைத் தொடாமலே அது தானாக எழுதி முடிக்கும்படி ஃபிளாப்பியைத் தயாரித்தோம். பலகை பிழைத்தது. ஆனால் ஆய்வேடுகளை ஒப்படைக்கும் வாரத்தில் அந்த மனிதருக்கு இரண்டு நாள் வேலை போனது. மாணவர்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். நான் பழைய பயாஸைச் சேமித்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

6 ஜூன், இரவு 9.10

மேலே சொன்ன மீட்பு முறை அவார்டுக்கு உரியது. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸ் என்றால் கோப்பின் பெயர், அழுத்த வேண்டிய விசை எல்லாம் வேறு. உங்களுடையது அவார்டு என்பதால் அதற்குள் போகவில்லை.

8 ஜூன், பிற்பகல் 2.00

பயாஸைத் தொடாமலே தப்பிக்கும் வழிகளை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வன்தட்டில் சிலவற்றுக்குக் கொள்ளளவை 32 ஜிபியாகக் குறைத்துக் காட்டும் ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) உண்டு. மேல் லேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் படங்களோடு அதற்கும் ஒரு படம் இருக்கும். 48 ஜிபி வீணாகும், ஆனால் ஒயர்கட் நிரலுக்கு 2 ஜிபியே தாராளம்.

பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ஐடிஇ கார்டுகள் தமக்கென்று தனிப் பயாஸ் வைத்திருக்கும். வன்தட்டை அதில் இணைத்தால் மதர்போர்டு பயாஸ் அதைப் பார்க்கவே போவதில்லை. இதற்கு ஒரு ஸ்லாட்டும் ஒரு ஐஆர்க்யூவும் (கார்டு செயலியை அழைக்கும் தடத்தின் எண்) வேண்டும்.

மூன்றாவது, 8 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ அடாப்டரில் வைத்து வன்தட்டாகவே பயன்படுத்துவது. சத்தமில்லை, தேயும் பாகமில்லை, பட்டறை அதிர்வும் அதைப் பாதிக்காது. உங்களுக்கு இதுவே ஏற்றது.

9 ஜூன், காலை 7.30

மூன்றாவது வழியைப் பற்றி அதிக உறுதியோடு எழுதிவிட்டேன். என் சொந்த அனுபவம் அவ்வளவு உறுதி தராது. ஒரு பில் போடும் கணினியில் நானே காம்பாக்ட் ஃபிளாஷ் வைத்தேன். பதினான்கு மாதத்தில் அது எழுத மறுத்துவிட்டது. விண்டோஸ் 98 குறைந்த நினைவகத்தில் ஓடும்போது ஸ்வாப் கோப்பில் ஓயாமல் எழுதும். ஃபிளாஷ் அட்டையில் ஒவ்வோர் இடத்துக்கும் எழுதும் தடவைக்கு ஓர் அளவு உண்டு. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்றே வரும் அட்டைகள் நிலைக்கும், அவற்றின் விலை வேறு.

ஆகவே என் கருத்து இப்படி மாறுகிறது: அட்டையை அன்றாட வேலைக்கு வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போதே 6.4 ஜிபி வன்தட்டை முழுவதும் அதில் நகலெடுத்து அலமாரியில் வையுங்கள். பயாஸ், 80 ஜிபி என்று எதையும் தொடுவதற்கு முன் இன்றே செய்ய வேண்டியது இதுதான். இயந்திர நிரலின் சிடி உங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பயாஸ் சிப்பை எங்கேயும் வாங்கலாம், அந்த நிரலை வாங்க முடியாது.

11 ஜூன், இரவு 10.40

ஜம்பர் படம் லேபிளில் இல்லை, ஸ்லாட்டும் காலியில்லை, அப்பா 80 ஜிபி வன்தட்டையே விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நகல் எடுத்தாயிற்று என்பதைக் கேட்டு நிம்மதி அடைந்தேன். சரியான ரிவிஷனுக்கு உரிய, 1999 இறுதித் தேதியிட்ட கோப்பும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதன் அளவு சரியாக 2,62,144 பைட்டா என்று பாருங்கள். 2 மெகாபிட் சிப்புக்கு அதுவே அளவு. ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கோப்பு வேண்டாம்.

இனி எப்படி எழுதுவது என்ற கேள்வி. ஃபிளாப்பியிலிருந்து விண்டோஸ் இல்லாமல் வெறும் டாஸ் இயங்குதளத்தில் தொடங்கி, நினைவக மேலாண்மை நிரல் எதையும் ஏற்றாமல், எழுதும் நிரலை ஓட்டிப் பழையதைச் சேமித்துவிட்டுப் புதியதை எழுதுவதுதான் வழக்கமான முறை. ஒரு நிமிடத்துக்குள் முடியும். இடையில் ஏதாவது ஒரு கட்டம் எழுதவில்லை என்று சிவப்பில் காட்டினால் கணினியை அணைக்கக் கூடாது. டாஸ் இன்னும் நினைவகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சேமித்த பழைய கோப்பை அப்போதே திரும்ப எழுதிவிடலாம். யூபிஎஸ் கட்டாயம். அந்த யூபிஎஸ்ஸையும் முதலில் 60 வாட் குண்டு பல்பை மாட்டிப் பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ் பல பட்டறைகளில் வெறும் நீட்டிப்புப் பெட்டியாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இந்த முறையை நான் உங்களுக்குச் சொல்ல விரும்பவில்லை. அந்தக் கணினியை நம்பி நான்கு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். ஒரே சிப்பில் இருப்பதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதுவது, வீட்டுக் கணினி என்றால் ஏற்கத்தக்க துணிச்சல், உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் பலகையில் சிப் 32 கால்களோடு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, பற்றவைக்கப்படவில்லை. அதே வகை சிப் இன்னொன்று வாங்குங்கள். சிப்பைப் படித்து எழுதும் டிஎல்866 போன்ற புரோகிராமர் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் முதலில் பழைய சிப்பைப் படித்துக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு புதிய சிப்பில் புதிய பயாஸை எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மொபைல் பழுதுபார்ப்பவர்கள், டிவி பலகை வேலை செய்பவர்கள் பலரிடம் அந்தக் கருவி இருக்கும். புதியதைச் செருகுங்கள். ஓடவில்லையென்றால் பழையதைத் திரும்பச் செருகினால் ஐந்து நிமிடத்தில் இயந்திரம் வேலைக்கு வந்துவிடும். பழைய சிப்பில் யாரும் எதையும் எழுதவில்லை என்பதால் அது எப்போதும் அப்படியே இருக்கும்.

12 ஜூன், காலை 6.05

கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும். பயாஸ் சிப்பில் எழுதும் நிரல் மட்டும்தான் எழுதும் என்பது சரியன்று. எந்தக் கார்டுக்கு எந்த ஐஆர்க்யூ என்ற பட்டியலைப் பயாஸே அதன் ஒரு மூலையில் எழுதி வைக்கும். அந்தப் பட்டியலுக்கு இஎஸ்சிடி என்று பெயர். வன்பொருள் மாறும்போது இஎஸ்சிடி புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு வரி தோன்றும், பார்த்திருப்பீர்கள். பழைய சிப்பில் 24 ஆண்டுகளாக அது நடந்திருக்கிறது.

இதனால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. ஃபிளாஷ் சிப்களுக்குக் கால் அமைப்பு ஒன்றாக இருந்தாலும், எழுதும் முறை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. 29 வரிசைச் சிப்புக்குப் பதில் 49 வரிசைச் சிப்பை வைத்தால் கணினி எழும், ஆனால் இந்தப் பட்டியலை எழுதுவதில் தடுமாறக்கூடும். பழைய சிப்பின் ஸ்டிக்கரை மெல்ல உரித்து எண்ணைப் படித்து அதே குடும்பத்தில் வாங்குங்கள். சிலவற்றுக்கு எழுத 12 வோல்ட் வேண்டும், சிலவற்றுக்கு 5 வோல்ட் போதும். அதையும் ஒத்துப்பாருங்கள்.

12 ஜூன், காலை 6.30

சிப்பைக் கழற்றும்போது ஒரு பக்கமாக நெம்பினால் கால்கள் வளையும். மெல்லிய திருப்புளியை இரண்டு ஓரங்களிலும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு முனையில் இருக்கும் அரைவட்ட வெட்டு சாக்கெட்டின் வெட்டோடு பொருந்த வேண்டும். தலைகீழாகச் செருகி இயக்கினால் சிப் சூடேறிக் கெட்டுவிடும்.

அதற்கும் முன்பாக, செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். குறிப்பாக பிஎன்பி, பிசிஐ பக்கமும், பிரிண்டர் போர்ட் எந்த முறையில் இருக்கிறது என்பதும் வேண்டும்.

14 ஜூன், இரவு 9.00

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பைப் பிடுங்கி மாற்றி எழுதலாமே, புரோகிராமருக்குப் பணம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பயாஸ் தன்னை நினைவகத்தில் நகலெடுத்துக்கொண்டு ஓடுவதால் சிப் இல்லாமலும் டாஸ் நின்றுவிடாது. 2001-இல் நானே செய்திருக்கிறேன். சிப்பின் அடியில் நைலான் நூலைக் கட்டி வைத்து, டாஸ் எழுந்ததும் நூலைப் பிடித்து நேராக மேலே தூக்கி, கெட்டுப்போன சிப்பை அழுத்தி வைத்து எழுதினேன். வெற்றி பெற்றது. ஆனால் அப்போது என் முன் இருந்தது கடையின் சோதனைப் பலகை. மின்சாரம் பாயும் பலகையில் ஒரு கால் தவறி அடுத்த துளையில் பட்டால் எது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் பட்டறைக் கணினியில் செய்யக் கூடாது.

19 ஜூன், மாலை 5.15

புதிய சிப் முதல் தடவையிலேயே எழுந்தது, 80 ஜிபியும் முழுதாகத் தெரிகிறது என்று படித்து மகிழ்ந்தேன். ஒயர்கட் இயந்திரம் பதில் சொல்லவில்லை என்ற இரண்டாவது செய்தியைப் படித்துப் பதற வேண்டாம். கார்டு கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புதிய பயாஸுக்கு உங்கள் ஐஎஸ்ஏ கார்டு இருப்பதே தெரியாது. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் தம்மைப் பற்றி அறிவிப்பதில்லை. அதனால் அந்தக் கார்டின் ஐஆர்க்யூவை வேறொன்றுக்குக் கொடுத்திருக்கும். நீங்கள் எடுத்த படத்தைப் பாருங்கள்: பழைய அமைப்பில் ஐஆர்க்யூ 5-க்கு எதிரே லெகஸி ஐஎஸ்ஏ, அதாவது பழைய ஐஎஸ்ஏ கார்டுக்கு ஒதுக்கியது, என்று இருக்கிறது. புதியதிலும் அப்படியே மாற்றிச் சேமியுங்கள்.

19 ஜூன், இரவு 7.50

வேலை செய்கிறது என்பது போதும். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

20 ஜூன், காலை 8.20

வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் 80 ஜிபியைப் பத்து ஜிபி சொச்சமாகக் காட்டுவது பயாஸின் குறையன்று. விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் 64 ஜிபிக்கு மேற்பட்ட வன்தட்டைக் காணும்போது 64-ஐக் கழித்துவிட்டு மீதியைத்தான் காட்டும். 80 ஜிபி வன்தட்டு அதன் கணக்கில் ஏறத்தாழ 74.5 ஜிபி என்பதால் மீதி பத்து சொச்சம். மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்திய எஃப்டிஸ்க்கை வெளியிட்டது. அதைத் தேடவும் வேண்டாம் என்பது என் யோசனை. உங்கள் தேவைக்கு அந்தப் பத்து ஜிபியே மிகுதி. அதற்குள் ஒரே பகுதியாகப் பிரித்து, நகலை ஏற்றிவிடுங்கள்.

2 ஜூலை, இரவு 9.35

விடுபட்ட ஒன்று. உங்கள் பலகையின் கையேட்டில் பயாஸ் எழுதுதலைத் தடுக்கும் ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டு விண்டோஸ் 95, 98 கணினிகளின் வன்தட்டுத் தொடக்கத்தை அழித்தது. சில பலகைகளில் பயாஸ் சிப்பையும் குப்பையால் நிரப்பியது. ரிச்சி தெருவுக்கு ஸ்கூட்டர்களிலும் ஆட்டோக்களிலும் கணினிப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அந்த வைரஸ் பழைய சிடிக்களில் இன்னும் உறங்கக்கூடும், உங்கள் கணினியோ இன்னும் விண்டோஸ் 98-இல்தான் ஓடுகிறது. ஐஆர்க்யூ அமைப்பெல்லாம் நிலைபெற்றுவிட்டதால் இனி ஜம்பரைத் தடுப்பு நிலையில் வைக்கலாம். வைத்த பின் தொடங்கும்போது இஎஸ்சிடி பற்றிப் பிழை வரி வந்தால் மட்டும் திரும்ப எடுத்துவிடுங்கள்.

சிஆர்2032 பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் அந்த லெகஸி ஐஎஸ்ஏ அமைப்பு மறுபடி போய்விடும், போவது பெரும்பாலும் அவசர ஆர்டர் உள்ள நாளாக இருக்கும். செட்டப் படங்களைத் தாளில் அச்சிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியில் உட்புறமாக ஒட்டுங்கள். பழைய சிப்பைக் கறுப்பு ஃபோமில் குத்தி, 1998 ஜூலை பயாஸ், இதே பலகைக்கு உரியது, ரிவிஷன் இன்னது என்று சீட்டெழுதி அதே பெட்டிக்குள் வையுங்கள். பவர் சப்ளைக்கு அருகில் மட்டும் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.